கண்மாய் நிறைவதற்குள்

எங்கள் தெருமுனையில் ஒரு புங்க மரம். மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. திருச்சியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இரண்டையும் பார்க்கிறேன். கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்ததைத் தவிர வண்டியில் மாற்றம் எதுவும் இல்லை. வண்டிக்காரர் அதிகம் பேசமாட்டார். துணியை எண்ணி வாங்குவார், எண்ணிக் கொடுப்பார். சட்டைப்பையில் நான் மறந்துவைத்த பேனா, பஸ் டிக்கெட், ஒருமுறை 500 ரூபாய் நோட்டு எல்லாம் தேய்த்த துணியின் மேல் பத்திரமாக உட்கார்ந்து திரும்பி வரும்.

2024 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி கொடுக்க வந்தவருக்குப் பின்னால் அவர் மகளும் நின்றிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"சார் நாலும் படிக்கிறவரு. இது பிஎச்.டி. சேந்து ஒரு வருஷம் ஆச்சு. இதுக்கு கவர்மெண்டுல ஏதோ பணம் தருவாங்களாமே, அதை எங்க போயி கேக்கணும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்."

"உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. அப்பா நிற்கும்போது மகள் எப்படி உட்காருவாள்? என் மனைவி காபியோடு வந்து அதட்டிய பிறகுதான் இரண்டு பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

ஆராய்ச்சித் தலைப்பு என்ன என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். பதில் அரை மணி நேரம் வந்தது.

புதுக்கோட்டை பக்கம் பஸ்ஸில் போனால், பழைய கண்மாய்களுக்கு உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். நானும் எத்தனையோ முறை பார்த்துவிட்டு, ஏதோ இடிந்த கோயிலின் மிச்சம் என்று நினைத்திருக்கிறேன். கோயில் இல்லை. அது குமிழித் தூம்பு. கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடும் மதகு. இரண்டு தூண்களுக்கும் நடுவே, தரையோடு தரையாக, ஒரு கல்தொட்டி. அதன் மூடுபலகையில் ஒரு துளை, துளையை அடைக்க ஒரு கல். கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வெளியே வரும்.

"தண்ணி மட்டும் இல்ல சார். அடியில சேறோடித் துளைன்னு இருக்கும். வண்டலும் கூடவே போயிடும். வயலுக்கு உரமாச்சு, கண்மாயும் தூர்ந்து போகாது."

அந்தத் தூண்களில் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்னார் செய்வித்த தூம்பு என்று பெயர் வெட்டியிருக்கும். ராஜாக்கள் மட்டுமில்லை, ஊர்க்காரர்களின் பெயர்களும். அவளுக்கு அந்தப் பெயர்கள்மேல்தான் கண். "ஒரு மதகு கட்ட அந்தக் காலத்துல காசு குடுத்தது யாருன்னு பாக்கறேன் சார்."

ஆக, மதகுக்குக் காசு கொடுத்தவர்களைத் தேடும் பெண்ணுக்குக் காசு கொடுப்பவர்களைத் தேடுவது என் வேலையாயிற்று.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கண்மாயில் தண்ணீர் நின்றால் தூண் பாதி முங்கிவிடும். மாசியில் வற்ற ஆரம்பித்தால் புரட்டாசி வரைதான் கெடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அடுத்த வருஷம்தான். கல்வெட்டை மைப்படி எடுக்க வேண்டும். தூணைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். தாள், மை, பிரஷ், குடத்தில் தண்ணீர், கூட ஒரு ஆள். அதற்குமேல் பஸ்.

"மொத்தம் நாப்பது கண்மாய் சார். போன வருஷம் ஆறுதான் முடிஞ்சுது."

"ஏம்மா?"

அவள் பதில் சொல்லவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் நானும் அவளும் அவள் தம்பியும் உட்கார்ந்தோம். ஆராய்ச்சிக்குப் பணமே இல்லாத நாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் இருக்கிறது. அதை அடைவதற்குள் எத்தனை கதவு, எந்தக் கதவுக்கு யார் என்பதுதான் விஷயம். 2018இல் பிரதமர் பெயரில் ஒரு ஆய்வு உதவித்தொகை தொடங்கினார்கள். முதல் இரண்டு வருஷம் மாதம் 70,000 ரூபாய். ஆனால் அது ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிக்கிறவர்களுக்கு. கண்மாய்க்கு அங்கே வேலையில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்வு தேறாத ஆய்வாளர்களுக்கும் மாதம் 8,000 என்று ஒன்று இருந்தது. 2015 அக்டோபரில் அதை நிறுத்தப்போவதாக முடிவெடுத்தார்கள். டெல்லியில் மாணவர்கள் யு.ஜி.சி. அலுவலகத்தை முற்றுகையிட்டு இரவு பகலாகத் தெருவில் உட்கார்ந்தார்கள். நிறுத்தவில்லை. ஆனால் இவள் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகம். இவளுக்கு அந்த 8,000மும் கிடையாது. கூடப் படித்த தோழி ஒருத்தி மௌலானா ஆசாத் பெயரிலான உதவித்தொகையை நம்பி இருந்தாளாம். சிறுபான்மை மாணவர்களுக்கான அந்தத் திட்டத்தை 2022இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது நகைக்கடையில் பில் போடுகிறாள்.

தம்பிதான் அதைக் கண்டுபிடித்தான். "அக்கா, இங்க பாரு, பொண்ணுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு!"

சாவித்ரிபாய் புலே பெயரில் யு.ஜி.சி. தரும் உதவித்தொகை. நெட் தேவையில்லை. மாதம் 37,000. மூன்று பேரும் ஸ்கிரீனுக்கு அருகில் போனோம். நிபந்தனை: பெற்றோருக்கு ஒரே மகளாக இருக்க வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருக்கக் கூடாது.

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "நீ பொறந்ததுல எனக்கு மாசம் 37,000 நஷ்டம்டா."

அந்த வீட்டில் அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

கடைசியில் எல்லோரும் போகும் ராஜபாட்டைக்கே வந்து சேர்ந்தோம். யு.ஜி.சி. நெட் தேர்வு, அதில் ஜே.ஆர்.எஃப். 1984இல் தொடங்கிய ஏற்பாடு. தேறினால் முதல் இரண்டு வருஷம் ஒரு தொகை, பிறகு ஒரு குழு வேலையைப் பார்த்துத் திருப்தி சொன்னால் அதைவிடக் கூடுதலாக மூன்று வருஷம். 2010இல் மாதம் 16,000. 2014 கடைசியில் 25,000. 2018இல் ஆய்வாளர்கள் நாடு முழுக்க ஊர்வலம் போய்க் கேட்ட பிறகு, 2019 ஜனவரி முதல் 31,000. 2023 ஜனவரி முதல் 37,000. இது தவிர கண்டின்ஜென்சி என்று வரலாறு, இலக்கியம் மாதிரி பாடங்களுக்கு முதல் இரண்டு வருஷம் ஆண்டுக்கு 10,000. தாள், மை, பஸ் எல்லாம் அதில்தான்.

37,000 என்றதும் அப்பா கேட்ட ஒரே கேள்வி: "மாசத்துக்கா சார்?"

கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். இவள் எம்.ஏ. வரை தமிழில் படித்தவள். தூம்பு என்றால் என்ன என்று அரை மணி நேரம் பேசத் தெரிந்த பெண், மொகலாயர் கால வரி விதிப்பைப் பற்றி இங்கிலீஷில் நான்கு விடையில் ஒன்றைத் தட்ட வேண்டும். தட்டினாள். ஏற்கனவே ஒருமுறை எழுதித் தவறியிருந்தாள். கட்டணம் 600 ரூபாய் கட்டி, 2024 ஜூன் 18ஆம் தேதி போய் எழுதிவிட்டு வந்தாள். நன்றாக எழுதியிருப்பதாக வண்டியடியில் சொன்னாள்.

மறுநாள் ராத்திரி டி.வி.யில் செய்தி. தேர்வு ரத்து.

நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு. கேள்வித்தாள் கசிந்திருக்கலாம் என்று ஒரு தகவல் வந்ததாம். பிற்பாடு சி.பி.ஐ. விசாரித்து, கசிந்ததற்குச் சாட்சியாகக் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டே போலி என்று சொல்லியது. மறுதேர்வு ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்தது. இந்த முறை கம்ப்யூட்டரில். ஜூனில் 9 லட்சத்துச் சொச்சம் பேர் எழுதிய தேர்வை மறுமுறை எழுதியவர்கள் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். நடுவில் காணாமல் போன இரண்டே கால் லட்சம் பேர் எங்கே போனார்கள்? ஏதாவது ஒரு வேலைக்குப் போயிருப்பார்கள். கல்யாணமாகிப் போயிருப்பார்கள். இன்னொருமுறை பஸ் ஏறக் காசில்லாமலோ மனசில்லாமலோ இருந்திருப்பார்கள். யாரும் அவர்களை எண்ணவில்லை.

எழுதிய 6.84 லட்சம் பேரில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தது 4,970 பேருக்கு. இவளுக்குக் கிடைத்தது அடுத்த வரிசை. உதவிப் பேராசிரியராகத் தகுதி உண்டு, பணம் கிடையாது. ஜே.ஆர்.எஃப். நூலிழையில் போய்விட்டது. "பாஸா ஃபெயிலா சார்?" என்று அப்பா கேட்டார். பாஸ்தான், ஆனால் பணம் வராது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. ஐப்பசி வந்தது. கண்மாய்கள் நிறைந்தன. அந்த வருஷக் கணக்கு, மூன்று தூம்பு.

இந்த இடத்தில் எனக்கு 1913ஆம் வருஷத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருஷத்தில் இந்த நாட்டில் இரண்டு பேருக்கு உதவித்தொகை கிடைத்தது. கும்பகோணத்து ராமானுஜன் அப்போது சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாதவருக்கு விதியில் இடமில்லை. விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. அந்த அறிக்கைகளை இன்றைக்கும் கணித அறிஞர்கள் படிக்கிறார்கள். (நம் ஆய்வாளர்கள் எழுதும் முன்னேற்ற அறிக்கையை அவர்களின் கைடே படிப்பதில்லை, அது வேறு கதை.) மறு வருஷம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது, தனக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி மாதா மாதம் வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஏறினார்.

இன்னொருவர் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மூன்று வருஷத்துக்கு மாதம் 11.5 பவுண்டு கொடுத்தார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து லண்டன் போய்ப் படித்துக்கொண்டிருக்கும்போது 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. அம்பேத்கராகவே இருந்தாலும் காலம் முடிந்தால் முடிந்ததுதான். பாதியில் திரும்பினார். பம்பாயில் சிடனம் கல்லூரியில் பாடம் நடத்தி மிச்சம் பிடித்து, கோலாப்பூர் ஷாஹு மகராஜ் கொடுத்ததையும் நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனையும் சேர்த்துக்கொண்டு 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு ஒரு உதவித்தொகை தருகிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு அதில் இடமில்லை என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த புகழ்பெற்ற கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குத் தெரியாததல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் ஒரு பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆய்வாளனாக இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பழைய நாடகக் கம்பெனிகளைப் பற்றி ஆராய்ச்சி. பாய்ஸ் கம்பெனிகளில் நடித்து, வயதாகி, தஞ்சாவூர்ப் பக்கம் கிராமங்களில் முடங்கிக் கிடந்த ஐந்து நடிகர்களைப் பார்த்துப் பேசி டேப்பில் பதிவு செய்ய வேண்டும். எனக்கு மாதம் சில நூறு ரூபாய் உதவித்தொகை ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் கேட்டேன், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். ஆறாம் மாதம் கேட்டேன், ஃபைல் கீழே வந்திருக்கிறது என்றார்கள். ஹாஸ்டல் மெஸ் வாசலில் பாக்கிக்காரர்கள் பட்டியல் ஒட்டுவார்கள். என் பெயர் முதலில் நடுவில் இருந்தது, பிறகு மேலே ஏறியது. பரிமாறுகிறவர் நல்ல மனிதர். பட்டியலில் பெயர் இருக்கிறவனுக்குச் சாம்பார் ஊற்றும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். அந்தப் பார்க்காத முகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் மாதம் பெட்டியைக் கட்டினேன். வீட்டில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. தங்கை இருந்தாள். ஒரு கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். ஐந்து மாதம் கழித்து, நான் மறந்தே போன பிறகு, செக் வந்தது. ஒன்பது மாதப் பணமும் மொத்தமாக. ஒரு பைசா குறைக்கவில்லை. மெஸ் பாக்கியைக் கட்டினேன். மீதியில் தங்கைக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தோம். என் பட்டியலில் இருந்த ஐந்து நடிகர்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

மொத்தமாக வரும் பணமும் மாதா மாதம் வரும் பணமும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் மாதச் சம்பளம் தவறாமல் வாங்குகிறவர்கள். வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானால் அது ஒரு எரிச்சல். இஸ்திரி வண்டி வீட்டுக்கு அது வாடகை. தேர்வு வைத்து வடிகட்டுகிறார்கள், சரி. தேர்வுக்குப் பிறகு இன்னொரு வடிகட்டல் நடக்கிறது. அதற்குக் கேள்வித்தாள் கிடையாது. காத்திருக்க முடிகிறவர் மிச்சமாவார்.

அவள் விடவில்லை. அடுத்த தேர்வை 2025 ஜனவரியில் எழுதினாள். பிப்ரவரி கடைசியில் ரிசல்ட். ஜே.ஆர்.எஃப்.! வண்டிக்காரர் அன்றைக்குத் துணி எதுவும் வாங்கவில்லை. மரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எதுவும் சொல்லாமல் சிரித்தார்.

மார்ச்சில் சேர்க்கைப் படிவம் கொடுத்தாள். கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து. பிறகு ஒவ்வொரு மாதமும் இவள் வேலை பார்த்தாள் என்று அலுவலகத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால்தான் பணம் நகரும். ஏற்றுகிறவர் ஏற்றினார். ஒப்புக்கொள்கிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குப் பாஸ்வேர்டு வரவில்லை. ஏப்ரல் போயிற்று.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டிக்காரர் வந்தார். கையில் துணி இல்லை.

"சார், தெரிஞ்ச பள்ளிக்கூடத்துல இதுக்கு வேலை போட்டுத் தரேங்கறாங்க. 14,000. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

ஜே.ஆர்.எஃப். வாங்குகிறவர் வேறு சம்பளம் வாங்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

"அது என்ன சொல்லுது?"

"அது ஒண்ணும் சொல்லாது சார். நான் சொன்னாப் போயிடும்." கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பணம் வருமா வராதா சார்? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. மனசு தேறிடும். வரும்னு சொன்னீங்கன்னா நான் வேணாம்னு சொல்லிடறேன்."

முப்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பா யாரிடமாவது போய் இப்படிக் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. எனக்கு அந்த அலுவலகத்தைத் தெரியாது. பாஸ்வேர்டு எப்போது வரும் என்று தெரியாது. என் சொந்த அனுபவத்தைக் கேட்டால் வேலைக்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வரும்" என்றேன். "லேட்டாகும். ஆனா வரும்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஜூன். வரவில்லை. ஜூலை. அவளிடம் 5,000 ரூபாய் நீட்டினேன், அப்புறம் திருப்பிக் கொடு என்று. "வேணாம் சார். ஏற்கனவே வரட்டும் வரட்டும்னு வாங்கினது ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல உங்க பேரு வேணாம்" என்றாள். அந்த நாட்களில் ஒரு பழைய கணக்கு அடிக்கடி மனசில் வந்துபோகும். 2016 ஜனவரி 17ஆம் தேதி ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா என்ற ஆய்வு மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு முன் எழுதிய கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிட்டிருந்தார். 1,75,000 ரூபாய். அதைத் தன் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி நாடே பேசியது. எத்தனையோ காரணங்களைப் பேசியது. எனக்கு மட்டும் 25,000ஐ ஏழால் பெருக்கிய அந்தத் தொகை மறப்பதில்லை.

நான் ஒரு கோழைத்தனம் செய்தேன். மரத்தடிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைகளை நானே தேய்த்துக்கொண்டேன். காலரில் ஒரு மடிப்பு விழும், முதுகில் ஒரு மடிப்பு விழும். மூன்றாவது வாரம் என் மனைவி இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"பணம் வரலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அதுக்கு நீங்க பொறுப்பில்ல. ஆனா அவருக்கு வர்ற ஏழெட்டு உருப்படியையும் நிறுத்தினீங்க பாருங்க, அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் எதுவும் கேட்காமல் எண்ணி வாங்கிக்கொண்டார். "இருபத்தி ரெண்டு சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் இரண்டாம் வாரம் துணி கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார். "வந்துச்சு சார். நாலு மாசத்துக்கு. ஒரு லட்சத்து 48 ஆயிரம்." சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் பாக்கி" என்றும் சேர்த்துக்கொண்டார். சந்தோஷத்திலும் கணக்கு பிசகவில்லை. பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் சொன்னது பலித்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. பலித்தது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் ஒரு ராத்திரியில் துணிந்து சொன்ன பொய், தற்செயலாக மெய்யாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் விடிகாலை பஸ்ஸில் புதுக்கோட்டை போக ஆரம்பித்தாள். லீவு நாளில் கூடவே தம்பி. மாசம் 37,000 நஷ்டம் வைத்தவன் குடமும் பிரஷ்ஷும் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். வயலில் வேலை செய்கிறவர்கள் முதலில் சந்தேகப்பட்டார்களாம், கண்மாய்க்குள் புதையல் தேடுகிறார்கள் என்று. ஒரு பெரியவர் மட்டும் கல்வெட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதிலிருந்த பெயர் தன் பங்காளி வீட்டில் இன்னும் புழங்குகிற பெயர் என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிட்டது.

ஐப்பசி பிறந்து முதல் பெருமழை பெய்த ராத்திரி, குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வண்டிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள், அப்பாவும் மகளும்.

"எத்தனைம்மா ஆச்சு?"

"பழசும் சேத்து இருபத்தி மூணு சார்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "டவுன் பஸ்ஸுல எங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டு. மினி பஸ்ஸுல டிக்கெட்டே தர மாட்டேங்கறாங்க. கண்டின்ஜென்சிக்குப் பில் கேப்பாங்க, அதுக்கு என்ன சார் பண்றது?"